மருமகனின் பிளாஸ்க்கும் மாமன் வீட்டுச் சோதனையும்

அறிவை என் அக்காவிடமிருந்தும் அழகைத் தாய்மாமனிடமிருந்தும் பெற்ற அருமை மருமகனுக்கு, மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தை, உன் மாமன் மகள் மூவரும் நலம். உன் பிளாஸ்க்தான் நலமில்லை. இதைப் போனில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. உன் குரல் லேசாகக் கம்மினாலே "சும்மா சொன்னேன்டா மாப்ளே" என்று பல்டி அடித்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

வெள்ளிக்கிழமை நீ கையெழுத்துப் போட்டதும் பிளாஸ்க்கின் வரைபடம் இரும்பு அச்சு வெட்டப் போய்விடும், வெட்டியபின் மயிரிழைகூட மாற்ற முடியாது, ஒரு பிழை இருந்தாலும் அதையே ஆலை ஆயிரக்கணக்கில் பெற்றுப்போடும், நீ தனியாக வடிவமைத்த முதல் சாமான் இது, உன் மேலதிகாரி வேறு நீ எப்போது வழுக்கி விழுவாய் என்று வாழைப்பழத் தோலோடு நிற்கிறார் என்றெல்லாம் சொல்லி, "வெளியாளுங்க முகதாட்சண்யம் பார்த்துப் பேசுவாங்க மாமா, நீங்கதான் உள்ளதைச் சொல்லுவீங்க" என்று மாதிரி பிளாஸ்க்கை அனுப்பினாய். நாங்களும் குடும்பத்தோடு "அபாரம்" என்று பதில் போட்டோம். அந்த அபாரத்தை இதன்மூலம் வாபஸ் வாங்குகிறேன்.

நடந்தது இதுதான். முதல் நாளே டீயை ஊற்றினேன், பாதி டம்ளருக்குள் போனது, பாதி பிளாஸ்க்கின் மூக்கோரமாக ஒழுகி என் வேட்டிக்குப் போனது. பிள்ளை மனசு வாடிவிடுமே என்று, யாரும் பார்க்காத நேரத்தில் உன் மாமன் மகளின் நகம் தேய்க்கும் அரத்தை எடுத்து மூக்கை இழைத்து இழைத்துச் சரிசெய்துவிட்டேன். மறுநாள் உன் அத்தை "பாருங்களேன், ஒரு சொட்டு சிந்தலை! எம் மருமகன் கை கையேதான்" என்று பூரிக்கிறாள். நானும் விட்டுக்கொடுக்காமல், "மூடியைப் பாரு, வெண்ணெய் மாதிரி சுத்துது"ன்னேன். அதைக் கேட்டு அவ ஏன் சட்டுனு அடுப்பங்கரைக்குள்ள போனாள்னு அப்போ எனக்குப் புரியலை. நம்ம பொண்ணு மட்டும் "ஆடாம அசையாம நிக்குதுல்ல?"ன்னு கேட்டுட்டு, செருப்பைத் தேடுற மாதிரி வெளியே நழுவிட்டா.

நாலஞ்சு நாள் கழிச்சுப் பார்த்தா டீ மேல எண்ணெய் மிதக்குது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடியே, பிளாஸ்டிக்கே உருகுது! பையன் ஊரையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறான், இப்பவே அவன் கம்பெனிக்கு எழுதுறேன்"னு பேனாவை எடுத்தேன். உன் அத்தை பாய்ஞ்சு வந்து பேனாவைப் பிடுங்கிட்டா.

"எழுதாதீங்க! அது நான் போட்ட சமையல் எண்ணெய்."

"டீக்கு எதுக்குடி எண்ணெய்?"

"டீக்கில்லை, மூடிக்கு. திறக்கவே வரலை. தினம் காலையில ரெண்டு சொட்டு விட்டாதான் சுத்துது. பிள்ளை ஆசையா செஞ்சிருக்கான், எப்படிச் சொல்றது?"

நானும் அரத்தால மூக்கை இழைச்சதை ஒத்துக்கிட்டேன். "அதான் என் அரம் மொட்டையாப் போச்சா!"ன்னு மக கத்தினா. கத்தின வேகத்துல அவளும் உளறிட்டா: பிளாஸ்க் நொண்டுதுன்னு என்னோட பழைய ரப்பர் செருப்பை வெட்டி அடியில ஒட்டினது அவதானாம். ஆக மாப்ளே, நாங்க பாராட்டினதெல்லாம் நாங்களே செஞ்ச ரிப்பேரைத்தான். உன் கைவண்ணத்தை இந்த வீட்டில் ஒருவரும் முழுசாகப் பார்க்கவேயில்லை.

மூக்கு ஒழுகுகிறது, மூடி இறுகுகிறது, அடி நொண்டுகிறது. கையெழுத்துப் போடாதே. மேலதிகாரி திட்டினால் நாலு நாளில் மறந்துவிடும். அச்சில் ஏறிய பிழை கடைக்குக் கடை நின்று உன் பேர் சொல்லும். "குறைன்னா என்ன, எண்ணெய் விட்டு, தேய்ச்சு, முட்டுக் கொடுத்துதானே உங்களையும் இத்தனை வருஷமா ஓட்டுறேன்" என்கிறாள் உன் அத்தை. அவள் பேச்சைக் கேட்காதே.

உன் கை தொட்டதெல்லாம் விளங்கட்டும், கண் தூங்கட்டும், வயிறு வேளைக்கு நிறையட்டும் என்று வாழ்த்தும்,
உன் தாய்மாமன்.

பின்குறிப்பு: ஒட்டிய உறையை மறுபடி பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் உன் அம்மா போன் செய்தாள். நீ அனுப்பிய பிளாஸ்க் முதலில் அவள் வீட்டுக்குப் போய்த்தானே இங்கே வந்தது? "புதுச் சாமானாச்சே தம்பி, நல்லா தளதளன்னு கொதிக்கிற தண்ணியில முழுசாப் போட்டு, பாத்திரத்தை மூடி வெச்சு ஒரு மணி நேரம் வேகவெச்சுதான் குடுத்தேன். ஏன், கூடாதா?" என்கிறாள். மூக்கு, மூடி, அடி எல்லாம் கோணியது அங்கேதான். ஆகவே மேலே எழுதிய குறைகள் அனைத்தும் ரத்து. நீ செய்தது தங்கம். ஆனாலும் கையெழுத்துப் போடாதே. வேகவைத்தாலும் கோணாத மாதிரி மாற்று. வாங்குகிறவன் வீட்டிலும் ஒரு அம்மா இருப்பாள்.