தோட்டாவைப் பஸ்பமாக்கிய சுவாமிகள்

அமெரிக்காவில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கி வெடித்ததாக டிவியில் செய்தி ஓடினால், மறுநாள் காலையில் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு மாடிப்படியில் செருப்பு விட இடமிருக்காது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில் அருள்பாலித்துக்கொண்டிருந்தார் தோட்டாபந்தன சுவாமிகள்.

பூர்வாசிரமத்தில் அவர் பெயர் லிங்கராஜ். சங்குமுகம் கடற்கரையில் பலூன் சுடும் கடை வைத்திருந்தார். கடலைப் பார்க்க வருகிறவர்கள் பலூனைப் பார்க்காமல் போனதால் வெறுப்புற்றுத் துறவு பூண்டார். ஆனாலும் ஏர்கன்னைத் துறக்கவில்லை. ஞானிகள் தொழில் கருவியை விடுவதில்லை.

இந்த ஊரில் வெடிவழிபாடு என்று ஒன்று உண்டு. கோயிலில் பேரும் நட்சத்திரமும் சொல்லிக் காசு கட்டினால், மைக்கில் அதை அறிவித்துவிட்டு உங்கள் பேரில் ஒரு வெடி வெடிப்பார்கள். வெடி வெடிக்க வழிபாடு இருக்கும்போது, வெடி வெடிக்காமலிருக்க ஒரு வழிபாடு இல்லையே என்ற பெருங்குறையைத் தீர்த்து வைத்தவர் நம் சுவாமிகள். மாடியிலிருந்து மைக் அலறும்: "ரோஹன், பூரட்டாதி, சிகாகோ, பள்ளிக்கூடத் தோட்டாத் தடை ஒண்ணு. அனன்யா, மகம், நியூஜெர்சி, ஸ்கூல் பஸ் சேர்த்து ஸ்பெஷல் தடை ஒண்ணு."

சுவரில் அமெரிக்கா மேப். அதில் குங்குமப் பொட்டுகள். மாகாணத்துக்கு மாகாணம் கட்டணம் வேறு. காசு கட்டினால், பட்ட தோட்டாவைப் பஸ்பமாக்கும் தாயத்து ஒன்று கிடைக்கும். பேரப்பிள்ளைகள் அங்கே, தாத்தாமார் இங்கே என்றிருப்பவர்களுக்குத் தாயத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார்கள். போனைத் தலையணைக்கு அடியில் வைத்தால் போதும். சார்ஜ் தீர்ந்துவிட்டால் சுவாமிகள் பொறுப்பல்ல.

கேலி செய்கிறேன் என்று கோபப்படாதீர்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த எரிச்சலில் குளிர்காய்கிறவனை நினைத்தால்தான் வாயில் கேலி வருகிறது.

ஆறுமுகநயினாரும் வரிசையில் நின்றார். திருநெல்வேலிக்காரர், சாலை பஜாரில் இரும்புச் சாமான் கடை. பூட்டு, கீல், தாழ்ப்பாள் என்றால் அவர் கடைதான். மகன் வினீத் டெக்சாஸில் வேலை பார்த்தான். மருமகள் ஆதிராவும் பேத்தி வைகாவும் லீவுக்கு வந்திருந்தார்கள். அங்கே ஆதிராவும் மற்றப் பெற்றோர்களும் சேர்ந்து, வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்தே தீரவேண்டும் என்று சட்டம் கேட்டுப் பலகை பிடித்து நின்றிருந்தார்கள். ஆறுமுகநயினாருக்கு அது பிடிக்கவில்லை. தினம் ஒரு சமரம், அதாவது போராட்டம், நடக்கிற தலைமைச் செயலக வாசலைத் தாண்டித்தான் அவர் எங்கும் போய்வருவார். இருந்தாலும் குடும்பத்துப் பெண் பலகை பிடிப்பதா என்று ஒரு சங்கடம். தாயத்து வந்துவிட்டால் பலகைக்கு வேலையில்லை என்று கணக்குப் போட்டு, வாங்கிவந்து பேத்தி கழுத்தில் கட்டிவிட்டார்.

ஆதிரா டெக்சாஸுக்குப் போன் போட்டுக் குமுறினாள். அப்பாவுக்கு ஒரு சமாதானம், கட்டினால் என்ன கெட்டுப்போய்விடும் என்று கேட்டுவிட்டு, பொறியாளர் வினீத் தூங்கப் போய்விட்டான்.

என்ன கெட்டுப்போகும் என்பதை வைகாவே சொன்னாள். துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் என்ன செய்வது என்று அவள் பள்ளிக்கூடத்தில் அடிக்கடி ஒத்திகை வைப்பார்கள். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, மூலையில் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். அன்று காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே, இனிமேல் அந்த மூலை தனக்கு வேண்டாம் என்றாள்.

"நான் ஒளிய மாட்டேம்மா. கதவுகிட்ட போய் நிப்பேன். என்மேல பட்டா குண்டு பொடியாயிடும்ல? அப்ப மத்த பிள்ளைங்களுக்கும் ஒண்ணும் ஆகாது."

குழந்தையின் தைரியத்தைப் பார்த்துப் பூரிப்பதா, அலறுவதா என்று ஆதிராவுக்குத் தெரியவில்லை. வெறுமனே கழற்றி எறிந்தால் தாத்தா ஒன்று சொல்வார், அம்மா ஒன்று சொல்வாள், குழந்தை தாத்தாவைத்தான் நம்பும். அதனால் பேத்தியையும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு மாடியேறினாள்.

மேலே அன்றைய அற்புதம் தொடங்கியிருந்தது. சுவாமிகள் பித்தளைச் செப்பிலிருந்து ஒரு குண்டை எடுத்து ஏர்கன்னில் போட்டார். பலூனைச் சுட்டார். பட்டென்று வெடித்தது. அடுத்து, தாயத்துக் கட்டிய பலூன். இப்போது வெள்ளிச் செப்பிலிருந்து ஒரு குண்டு. கண்ணை மூடி முணுமுணுத்துச் சுட்டார். குழல் முனையில் வெள்ளையாகப் புகைமாதிரி ஏதோ பறந்தது. பலூன் லேசாக ஆடிவிட்டுச் சும்மா இருந்தது.

தோட்டா பஸ்பமாகிவிட்டது என்று மைக் அறிவித்தது. கழக்கூட்டம் ஐடி பார்க்கில் கம்ப்யூட்டருக்கே புத்தி சொல்கிறவர்கள் முண்டியடித்து நெற்றியை நீட்டினார்கள். கடுகளவு குண்டிலிருந்து ஒரு குட்டுவப் பானை நிறையப் பஸ்பம் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. வைகா மட்டும் நெற்றியில் வைத்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

"அம்மா, இது புட்டு மாவு."

தெய்வ குற்றம் என்று யாரோ உச்சுக்கொட்டினார்கள். ஆதிரா முன்னால் போனாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தாயத்துக் கட்டிய பலூனையும் பித்தளைச் செப்புக் குண்டாலேயே சுட வேண்டும்.

இன்று அஷ்டமி என்றார் சுவாமிகள். பித்தளைக்கு உஷ்ணம் அதிகம் என்றார். கேட்பவளுக்கு நம்பிக்கை போதாது என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை, பலூனுக்கு இருந்தால் போதுமே என்றாள் ஆதிரா. கூட்டம் சிரித்தது. சிரித்த கூட்டம் வேடிக்கை பார்க்காமல் நகராது. வேறு வழியில்லாமல் சுவாமிகள் பித்தளைச் செப்பைத் திறந்தார். குறி தவறச் சுட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருப்பார். பாவம், கடற்கரையில் பழகிய கை. தாயத்தோடு பலூன் சிதறியது.

வைகா தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஆதிராவுக்கு அழுகை வந்துவிட்டது.

"பலூனுக்கு உயிர் இல்ல, அதான் பலிக்கல்ல" என்று சமாளித்தார் சுவாமிகள். சொல்லிக்கொண்டே ஏர்கன்னை அலமாரியில் வைத்து, இடுப்பு அரைஞாணில் தொங்கிய சாவியால் பூட்டினார். பழக்க தோஷம்.

"எதுக்கு சாமி பூட்டுதீங்க?" என்றாள் ஆதிரா.

"பின்ன? வீடு பின்னாலதான், பேரன் உண்டு. குறும்பன். எடுத்து யாரையாவது சுட்டுட்டா?"

"சாக்கு நிறையத் தாயத்து வச்சிருக்கீங்களே. அவனுக்கு ஒண்ணு கட்டலையா?"

சுவாமிகள் சாவியை வேட்டிக்குள் செருகப் பார்த்தார். ஆறுமுகநயினார் மெதுவாகக் கிட்டே போய், அந்தச் சாவியைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார்.

"இது நம்ம கடைப் பூட்டுச் சாவியாக்கும்," என்றார். "நல்ல பூட்டு வேணும், பிள்ளைக இருக்க வீடுன்னு சொல்லி வாங்கிட்டுப் போனீரு. எனக்குத் தாயத்த வித்துட்டு, உமக்குப் பூட்டா வேய்?"

அதற்குப் பிறகு மாடியில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வாட்ஸப் தாயத்தைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று ஒருவர் போனைத் தட்டிக்கொண்டிருந்தார். சுவாமிகள் கீழே ஓடப் பார்த்து, படியில் குவிந்திருந்த பக்தர்களின் செருப்புகளில் வழுக்கி, பக்தர்களைவிட வேகமாகத் தரையை அடைந்தார்.

ஆறுமுகநயினார் பேத்தியின் கழுத்துக் கயிற்றைத் தன் கையாலேயே அறுத்தார். டீச்சர் காட்டுகிற மூலையிலேயே உட்கார வேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பிறகு மருமகளைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துச் சொன்னார்:

"அங்க போனதும் அந்தப் பலகையை எடுத்துக்கோ மோளே. பூட்டு விக்கவனே பூட்டை நம்பாம போயிட்டேன்."

ஏமாற்றியவன் தன் பேரனுக்குப் பூட்டு வாங்கினான். ஏமாந்தவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தாயத்து வாங்கினார்கள். இரண்டு பேரில் யார் பகுத்தறிவுவாதி என்று பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நெற்றியில் இன்னும் புட்டு மாவு வைத்திருப்பவர்கள் போய் முகத்தைக் கழுவுங்கள். கழுவுகிற நேரத்திலாவது, நெற்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.