பன்னிரண்டு காம்பராவும் ஒரு ரவுட்டரும்

தலவாக்கலையிலிருந்து திம்புள்ள வரைக்கும் எத்தனை பிடிவாதக்காரர்கள் இருந்தாலும், அத்தனை பேரையும் ஒரு தட்டிலும் எங்கள் பெரட்டு மாமாவை மறு தட்டிலும் வைத்தால், மாமாவின் தட்டுதான் தரையைத் தொடும். அந்த மனுஷனை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதற்குத் தேயிலைத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். வேலையில் இருந்த காலமெல்லாம் பெரட்டில் பேர் கூப்பிட்டவர் அவர். ஓய்வு பெற்றும் வாய் ஓயவில்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு ஒற்றையறை வீடு, அதாவது பன்னிரண்டு காம்பரா, இதுதான் எங்கள் லயம். லயத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வைஃபை போட்டபோது, ரவுட்டரை அவர் வீட்டில் வைத்தோம். புத்தி கெட்டுப்போய் அதன் பாஸ்வேர்டையும் அவரிடமே கொடுத்தோம்.

ரவுட்டர் என்றால் தானாகவே ஆளுக்கொரு ஐபி எண்ணைக் கொடுக்கும். உலகமே அப்படித்தான் ஓடுகிறது. மாமா அதை நிறுத்திவிட்டார்.

"அது பாட்டுக்குக் குடுத்தா எவன் உள்ள இருக்கான், எவன் வெளிய போனான்னு எப்பிடித் தெரியும்? காம்பராவுக்கு ஒரு நம்பர். அதான் ஒழுங்கு" என்றார். முதல் காம்பராவுக்கு ஒன்று, கடைசியில் இருந்த அவருடைய காம்பராவுக்குப் பன்னிரண்டு. மற்ற எண்களுக்கெல்லாம் கதவடைப்பு. விடிந்ததும் வாசலில் நின்று, "அஞ்சு வந்திருச்சா? ஒம்பது எங்க?" என்று கத்துவார். பல் விளக்கிக்கொண்டே நாங்கள் பதில் சொல்வோம்.

இந்தக் கூத்தெல்லாம் எனக்கு வேலை கிடைக்கும்வரை வேடிக்கையாகத்தான் இருந்தது. கொழும்புக் கம்பனி ஒன்று, வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களோடு பேசும் வேலைக்கு என்னைச் சோதனைக்காக எடுத்திருந்தது. கொழுந்துக் கூடையைத் தொடாமல் சம்பாதிக்கப்போகும் முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். மாமாவே என் லேப்டாப்பில் ஏழு என்று எண்ணைப் போட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தது. மழை என்று நினைத்தேன். ரவுட்டரை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தோம். பிறகுதான் கவனித்தேன், எங்கள் காம்பராவின் நடுவே அடித்த பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணி போனில் நாடகம் பார்க்கத் தொடங்கினால் என் லைன் அறுந்துவிடுகிறது.

"அண்ணி, கொஞ்சம் ஆஃப் பண்ணுங்களேன்!"

"ஏன், மகாராணிக்கு மட்டுந்தான் நெட்டா?"

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கொழும்பிலிருந்து மேலதிகாரி, "வெள்ளிக்கிழமையும் அறுந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டார். அன்று மாலை லேப்டாப்பே வாயைத் திறந்தது: இதே ஐபி எண் இன்னொரு கருவியிலும் இருக்கிறதாம். அண்ணியின் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். அதிலும் மாமா போட்ட ஏழு! ஒரே எண்ணுக்கு இரண்டு கருவி மோதினால் ஒன்று அறுந்துதானே ஆக வேண்டும்.

அண்ணன் கல்யாணத்தின்போது நடுவில் பலகை அடித்து ஒரு காம்பராவை இரண்டு வீடாக்கினோம். தோட்டத்துக் கணக்கில் இன்றுவரை அது ஒன்றுதான். தோட்டத்தை நடத்தும் துரைமார் கண்ணுக்குத் தெரியாத பலகை, எங்கள் மாமா கண்ணுக்கும் தெரியவில்லை.

நேராகப் போய்க் கத்தினேன். "எரநூறு நம்பருக்கு மேல சும்மா கெடக்குது மாமா! எனக்குப் பதிமூணக் குடுங்க."

"பதிமூணாம் காம்பரா எங்க இருக்கு? காட்டு பாப்போம்."

"ரெண்டு குடும்பம் இருக்கோம்ல?"

"இருக்கீங்க. காம்பரா ஒண்ணுதானே புள்ள. இல்லாத வீட்டுக்கு நம்பர் குடுத்தா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

தலைமுறை தலைமுறையாக எங்களை ஒன்றுக்குள் இரண்டாக அடைத்தவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி. அதை என்னைக் கேட்கிறார்! "ஒங்க ரவுட்டரக் கொண்டுபோய் ஆத்துல போடுங்க" என்று கத்திவிட்டு வந்து அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலை கதவைத் தட்டினார். உள்ளே வந்து உட்கார்ந்து, என் லேப்டாப்பில் ஏழு என்பதை அழித்துப் பன்னிரண்டு என்று போட்டார்.

"இது ஒங்க நம்பராச்சே மாமா. குவைத்துலருந்து ஒங்க மக பேசுமே?"

"மேட்டு ரோட்டு வளைவுல போன் சிக்னல் கெடைக்கும். நீ வேலயப் பாரு."

அன்றைக்கு ஒரு தடவைகூட லைன் அறுந்துபோகவில்லை. வேலை நிரந்தரமானது. அண்ணியும் சிரித்தாள். பன்னிரண்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு எனக்குப் பதிமூன்றைக் கொடுக்கச் சொல்லி நானும் கெஞ்சாத நாளில்லை. இல்லாத காம்பராவுக்கு நம்பர் கிடையாதாம். மண்டையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

இப்போதும் மனுஷன் அந்த வளைவில் குடையைப் பிடித்துக்கொண்டு மகளோடு கத்திப் பேசுகிறார். கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் பொங்கும். பேசிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஜன்னலைத் திறந்து நானும் கத்துவேன்: "மழ கூடுது மாமா, இங்க வந்து பேசுங்க!"