கம்பளத்துக்குக் கீழே ஓக் மரம்

மரத்தரைப் பிரியர் என்று ஓர் இனம் உண்டு. சிகாகோவை ஒட்டிய புறநகர்களில், பழைய செங்கல் வீடுகளின் மாடியில் குடியிருக்கும். மனிதச் சாயல் உண்டு, செருப்பு கிடையாது. வீடு பார்க்கப் போனால் கூரை ஒழுகுமா, பனிக்காலத்தில் ஹீட்டர் வேலை செய்யுமா என்றெல்லாம் கேட்காது. குனிந்து தரையைத் தடவும். "ஓக்கா?" என்று கேட்கும். ஆமாம் என்று பதில் வந்தால் கண் கலங்கிவிடும்.

காரெட் லிண்ட்குவிஸ்ட் இதில் அசல் ரகம். முன்பு நெடுஞ்சாலையோர அடுக்ககத்தில், சுவருக்குச் சுவர் ஒட்டிய சாம்பல் நிறக் கார்ப்பெட்டின்மேல் வாழ்ந்ததை, விடுதலையானவன் சிறைச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வான். ஹார்லோ பார்க்கில் மிஸஸ் பெட்ராக்கிஸின் மாடியை அவன் வாடகைக்குப் பிடித்தது மரத்தரைக்காக. அப்புறம், அங்கே எல்லாமே நடக்கிற தூரம். காபிக் கடை, நூலகம், ரொட்டிக் கடை, ரயில் நிலையம் எதற்கும் கார் வேண்டாம் என்று அவன் சொல்லாத ஆள் இல்லை. பெரும்பாலும் காரை ஓட்டிக்கொண்டே சொல்வான். நடந்து வந்தால் காபி ஆறிவிடாதா?

வெளியேதான் நடக்கவில்லை, வீட்டுக்குள்ளாவது நடந்தானா? அதற்கும் வழியில்லை. வீட்டுக்காரம்மா கீழ்த்தளத்தில் இருக்கிறாள். மேலே நடக்கிற சத்தம் அவளுக்குக் கேட்காதிருக்க, ஐந்தில் நான்கு பங்குத் தரையைக் கம்பளத்தால் மூட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. அந்த ஊரில் வழக்கமான வரிதான். அதை வாசித்துக் காட்டியபோது காரெட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆக, மரத்தரைக்காக வீடு பிடித்தவன் அதன்மேல் கம்பளம் கம்பளமாக வாங்கிப் போட்டான். விருந்தாளி வந்தால் ஒரு மூலையைத் தூக்கி, தொட்டிலில் தூங்கும் பிள்ளையைக் காட்டுவதுபோல், "பாத்தீங்களா?" என்று கிசுகிசுப்பான்.

ஒப்பந்தம் முடியும் மாதம் வந்தது. வீட்டுக்காரம்மாவின் அக்கா மகன் மாடியைக் கேட்கிறான் என்று ஊரில் பேச்சு. அந்த நேரம் பார்த்து, பழைய அடுக்ககத்து நண்பன் டேல் சாப்பிட வருகிறான் என்று காரெட் கம்பளங்களைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"இப்பப் போய் இது வேணுமா? இங்க எறும்பு நடந்தாக்கூட கீழ அவங்களுக்குக் கேக்கும்," என்றாள் மனைவி நோரீன்.

"சனிக்கிழமை சாயங்காலம் சர்ச்சுக்குப் போயிருவாங்க. ஒரே ஒரு சாயங்காலம், நோரீன்! டேல் முழுசாப் பாக்கட்டும்."

டேல் வந்தான். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றவைத்து, கம்பளிக் காலுறையைக் கொடுத்தார்கள்.

"ஒயின் இருக்கா?"

"இருக்கு. சிங்க் பக்கத்துல நின்னு குடி."

"டேய், இது தரையா, பச்சப்புள்ளையா?" என்று டேல் சிரித்தபடி சாய்ந்தான். நாற்காலி அவனையும் கூட்டிக்கொண்டு சரிந்தது.

கீழேயிருந்து துடைப்பக்கட்டை கூரையை இடித்துப் பதில் சொன்னது. அன்றைக்கென்று வீட்டுக்காரம்மா சர்ச்சுக்குப் போகவில்லை. மாடிப்படியில் காலடி. மூன்று பேரும் மூன்று கம்பளத்தின்மேல் பாய்ந்து உருட்டி விரிக்க, கதவு திறந்தது.

மிஸஸ் பெட்ராக்கிஸ் நிதானமாகப் பார்த்தாள்.

"ஏம்ப்பா காரெட், இந்தக் கம்பளம் ஏன் குப்புறப் படுத்திருக்கு?"

காரெட் அவசரமாக அதைத் திருப்பிப் போட்டான்.

"எங்கக்கா மகன் கேட்டுக்கிட்டே இருக்கான். அவனுக்கு ஓக்கும் ஒண்ணுதான், ஓட்டைப் பலகையும் ஒண்ணுதான். பூட்ஸோட நடப்பான். நீ இருக்கணும்னா ஒரே வழி. சுவத்துக்குச் சுவர் கார்ப்பெட் ஒட்டிடறேன்."

நோரீன் கணவனைப் பார்த்தாள். மானமுள்ளவன் அந்த நிமிஷமே பெட்டியைக் கட்டியிருப்பான். ஆனால் காரெட்டின் மனக்கண்ணில் பூட்ஸ் தெரிந்தது. வேறொருவன் பூட்ஸ், அவனுடைய ஓக்கின்மேல்!

"என்ன கலர்?" என்று ஈனக் குரலில் கேட்டான்.

"சாம்பல்தான். அழுக்குத் தெரியாது."

கையெழுத்துப் போட்டான்.

இப்போது அவன் வீட்டுக்குப் போனால், பூட்ஸைக் கழற்றச் சொல்லிவிட்டு, சாம்பல் நிறக் கார்ப்பெட்டைக் கால்விரலால் மெல்லத் தட்டுவான். "கீழ ஓக்."

"எங்க வீட்டுலயும் இதே கார்ப்பெட்தானேடா?" என்றான் டேல்.

"உங்க வீட்டுல அதுக்குக் கீழ என்ன?"

"சிமென்ட்."

"அதைத்தான் சொல்றேன்," என்றான் காரெட், பரிதாபத்தோடு.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி. ஆசைப்பட்டு, கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினீர்களே, உங்கள் வீட்டு சோபா, அது என்ன நிறம்? உறையைத் தூக்கிப் பார்க்காமல் சொல்லுங்கள்.