வாளுக்கு விண்ணப்பம்

கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இயங்கிவந்த செல்போன் விளையாட்டு நிறுவனத்துக்குப் பெரும் சோதனை வந்தது. ஆறு மாதம் பாடுபட்டு உருவாக்கிய அரக்கனை, ஆடுகிறவர்கள் மூன்றே நாளில் கொன்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அடுத்த அரக்கன் தயாராகும்வரை ஆட்களைப் பிடித்து வைக்க வேண்டும், முடியாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று விளையாட்டுக்கு விதிகள் எழுதும் பிரதீபாவுக்கு முதலாளி அன்புடன் தெரிவித்தார்.

அடுத்த அரக்கனைக் கொல்லும் வாள் வேண்டுமென்றால் ஆயிரம் விறகு வெட்ட வேண்டும் என்று விதி வைத்தாள். வெட்டிவிட்டார்கள். பத்தாயிரம் என்றாள். அதையும் வெட்டிவிட்டு, இன்னும் காடு இருக்கிறதா என்று கேட்டார்கள். பிரதீபாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில், முப்பது வருடம் அரசாங்க குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற அர்த்தநாரியைத் தேடிப் போனாள்.

"ஏனுங்க, ஆளுங்க சலிச்சுப் போகோணும். ஆனா உட்டுட்டுப் போயிரக் கூடாதுங்க."

"அதைத்தானே அம்மிணி முப்பது வருசமாச் செஞ்சேன்! வேலை குடுத்தா முடிச்சுப் போடுவான். காயிதம் கேளு."

"என்ன காயிதமுங்க?"

"இந்த ஊர்லதான் பொறந்தான்னு நேட்டிவிட்டி. பாட்டன் காலத்துல இருந்து இங்கியே கெடக்கற நம்ம தமிழாளுககிட்ட நானே கேட்டிருக்கறேன்."

மேற்படி ஆலோசனை உடனடியாக அமலுக்கு வந்தது. வாள் கேட்ட வீரர்கள் தத்தம் பாட்டனாரின் பள்ளிக்கூடச் சான்றுடன் விண்ணப்பித்தார்கள். விளையாட்டுக்குள் புதிதாக வைத்த அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். வந்ததும் முத்திரை மங்கலாக இருக்கிறது என்றார். அதற்குள் தயாராகிவிட்ட புது அரக்கன் ஊர் ஊராகத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தான். அவனைத் தடுக்க வேண்டிய நாற்பதாயிரம் பேரும் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் விட்டுப் போகவில்லை. இவ்வளவு நேரம் காத்திருந்தாயிற்று, இனி எப்படிப் போவது?

பூரித்துப்போன முதலாளி, ஆடுகிறவர்களிடம் குறை கேட்கச் சொன்னார். வரிசையை எடுங்கள் என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. அந்த அதிகாரி நாற்காலியில் எங்களையும் உட்கார வையுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

உட்கார வைத்தார்கள். ஒரே வாரத்தில் நாடு முழுக்க அதிகாரிகள், விண்ணப்பிக்க ஆளில்லை.

பிரதீபாவின் வேலை தப்பியது. தினமும் காலையில் விண்ணப்பதாரராக உள்ளே போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் அவளுக்கு வாய்த்த அதிகாரி, வண்டிப்பெரியாரிலிருந்து ஆடும் பெரியமுத்து. கொஞ்சம் சீக்கிரம் பாருங்கள் என்று கெஞ்சி எழுதினாள்.

அவரிடமிருந்து பதில் வந்தது: "நான் இங்க நெசமான வில்லேஜ் ஆபீஸ் வரிசையில காலையிலேருந்து நிக்கேன். என்னை ஒருத்தரும் ஏன்னு கேக்கலை. ஒங்களுக்கு மட்டும் என்னம்மா அவசரம்? நாளைக்கு வாங்க."