டக் டக்

"மூடியைப் போட்டாச்சு, சரி. அதை எதுக்கும்மா தட்டுறே?"

முதல் மேசையில் பம்பின் பாகங்களைப் பூட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "ஸ்குரூடிரைவர் பிடியால மூடிமேல ரெண்டு தட்டு, அப்புறம்தான் திருகு. அப்படித்தான் பழகினேன், வாத்தியாரே."

பம்பு பூட்டும் பிரிவின் மேற்பார்வையாளரைத் தொழிற்சாலை முழுக்க வாத்தியார் என்றுதான் கூப்பிடும். சொல்லு, காட்டு, செய்யவிடு, கூட நின்று பார் என்ற நாலே படியில் எந்தக் கத்துக்குட்டியையும் கைதேர்ந்த ஆளாக்கிவிடுவார். அவரிடம் பழகியவர்கள் அடுத்து வந்தவர்களைப் பழக்கினார்கள். 'கற்றவர் தவறினால் கற்பித்தவர் தவறு' என்று தன் கையாலேயே எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். அதன் கீழே நின்று பேசும்போது மனிதர் கொஞ்சம் உயரமாகவே தெரிவார்.

இன்றைக்குப் பெரிய மேனேஜர் வருகிறார். வேலையில் ஒரு வீண் அசைவைக்கூடப் பொறுக்காத ஆள். இத்தனை நாள் காதில் ஏறாத சத்தம் இன்றைக்கு வாத்தியாரை உறுத்தியது அதனால்தான். இந்தப் பிரிவு தேறினால் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் பயிற்சித் தலைவர் பதவி வாத்தியாருக்கு. தேறாவிட்டால் அது பெயின்ட் பிரிவுக்காரனுக்கு. அவனுக்குக் கீழே வேலை பார்ப்பதைவிட வீட்டில் உட்கார்ந்துவிடலாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

மேசை மேசையாகப் போனார். எல்லா மேசையிலும் டக், டக்.

"உனக்கு யார் சொன்னது?"

"பழக்கின அண்ணன்."

அண்ணனைக் கேட்டால், அவரைப் பழக்கினவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டாராம்.

"எவனோ ஒரு கிறுக்கன் ஆரம்பிச்சு வச்சிருக்கான்," என்றார் வாத்தியார். "இனிமே யாரும் தட்டக் கூடாது."

தட்டவில்லை. வேலையும் நடக்கவில்லை. தட்டிப் பழகிய கைகள் அடுத்து என்ன என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றன. ஒருவர் திருகவே மறந்தார். இன்னொருவர் மூடியைத் தலைகீழாக மாட்டினார்.

"சரி, தட்டித் தொலைங்க. சத்தம் மட்டும் வரக் கூடாது. பிடியில துணியைச் சுத்துங்க."

சுற்றினார்கள். சத்தம் கேட்காததால் தட்டினோமா இல்லையா என்று சந்தேகம் வந்து, மறுபடி தட்டினார்கள். இன்னும் ஓங்கித் தட்டினார்கள். ஒரு பிடியிலிருந்து கழன்று பறந்த எண்ணெய்த் துணி, அப்போதுதான் உள்ளே வந்த பெரிய மேனேஜரின் ஷூமேல் விழுந்தது.

"என்ன நடக்குது இங்கே?"

"சோதனை சார்," என்றார் வாத்தியார். வாய் முந்திக்கொண்டது. "மூடி சரியா உட்கார்ந்திருக்கான்னு தட்டுற சத்தத்துலயே கண்டுபிடிச்சிருவாங்க."

மேனேஜர் ஒரு ஸ்குரூடிரைவரை வாங்கித் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம். யாரோட யோசனை?"

கிறுக்கன் என்று சொன்னது நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆனாலும் பதவி கண்ணில் ஆடியது.

"நான்தான் சார்."

"எல்லாத் தொழிற்சாலையிலயும் இதைக் கட்டாயமாக்கிடுறேன். நீங்கதான் பயிற்சித் தலைவர். எங்கே, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

வாத்தியார் மூடியை எடுத்தார். சுற்றிலும் அவருடைய ஆட்கள், வைத்த கண் வாங்காமல் நின்றார்கள். வழிவழியாகச் சொல்லிக்கொடுத்ததில் ஒரு துளிகூடச் சிந்தாமல் பிடித்துக்கொண்ட பிள்ளைகள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மூடியைப் பொருத்தினார். அவர் நினைப்பதற்கு முன்னால் கை தானாகவே தட்டியது.

டக், டக்.

எல்லோரும் கைதட்டினார்கள். தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து டீ ஊற்றுகிற அக்கா, தம்ளரை நீட்டிக்கொண்டே அவர் கையை எட்டிப் பார்த்தாள்.

"என்ன வாத்தியாரே, அந்தக் காலத்துல உங்க ஸ்குரூடிரைவர் பிடி கழண்டு கழண்டு வரும், மூடிமேல தட்டித் தட்டி இறுக்கிக்குவீங்க. இன்னுமா உங்களுக்குப் புதுசு வாங்கித் தரலே?"