நாற்பது மீட்டர் கடற்கரை

கடற்கரை என்றால் அதற்கு ஓர் அகலம் வேண்டும். பொதுமக்கள் நடக்க, குதிரை ஏற, சுண்டல் தின்ன, செல்ஃபி எடுக்க நாற்பது மீட்டர் மணலாவது இல்லாவிட்டால் அது கடற்கரையே அல்ல என்று மேலிடம் தீர்மானித்தது. அதைக் காப்பதற்கென்றே ஒரு பிரிவையும் திறந்தது. பெயர், கடற்கரை அகலப் பராமரிப்புப் பிரிவு. அலுவலகம் செங்கல்பட்டில், கடலிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில், அலை தொட முடியாத இரண்டாம் மாடியில் இருந்தது.

அதன் பொறியாளர் ஜெகதீசன் லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர், கோபப்படாதவர், சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்பவர். ஆபத்தே அதில்தான் இருந்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே புதுக்கரைக்குப்பத்தில், போன புயலில் அலை ஏறி வந்து பாதி மணலை வாரிக்கொண்டு போய்விட்டது. மீன் வாங்கி விற்கும் வச்சலாவின் வாசலுக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு படகு நிறுத்தத்தான் இடம் மிச்சம். அவள் புருஷன் நீலமேகத்தின் படகு விடியலில் கரையேறும். மணலிலேயே மீனைக் கொட்டி ஏலம் விடுவார்கள். அவள் கூடையோடு கிளம்புவாள். அந்த மணல் போனால் படகும் இல்லை, ஏலமும் இல்லை, சோறும் இல்லை. ஊரோடு செங்கல்பட்டுக்குப் போய், கடலைத் தடுக்கக் கல் கொட்டச் சொல்லி மனுக் கொடுத்தாள்.

ஆச்சரியம், பத்தே நாளில் ஆள் வந்துவிட்டார்கள். ஜெகதீசன் வந்தார். கூடவே சென்னையிலிருந்து தொப்பி போட்ட ஆலோசகர் ரோஹித் வந்தார். டேப்பைப் பிடித்து அளந்தார்கள். நாற்பது இருக்கவேண்டிய இடத்தில் பன்னிரண்டு இருந்தது. இருவர் முகமும் வாடிவிட்டது.

"கல்லு எப்போ சார் கொட்டுவீங்க?" என்றாள் வச்சலா.

"கல்லா?" என்றார் ரோஹித். "கல் போட்டா லுக்கே போயிடும். ஜனங்க கால்ல இடிக்கும்."

"அப்போ இன்னா பண்ணுவீங்க?"

"இழந்த அகலத்தை மீட்போம்" என்றார் ஜெகதீசன்.

"கடலாண்டேர்ந்தா?"

ஜெகதீசன் பதறிப்போனார். "கடல் எங்க பிரிவுக்குக் கீழ வராதும்மா. அதை நாங்க ஒண்ணும் கேக்க முடியாது. எங்க அதிகாரம் மணல்லேர்ந்துதான் ஆரம்பம்."

"பின்ன எங்கேர்ந்து மீப்பீங்க?"

அவர் மெதுவாகத் திரும்பி அவள் வீட்டைப் பார்த்தார். கிழக்கே குறைந்ததை மேற்கே சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும். டேப்புக்குத் திசை தெரியாது.

நீலமேகத்துக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "இன்னா சார் இது பேஜாரு! கடலு வூட்ட இடிச்சிடும்னு உங்களக் கூப்ட்டா, அதுக்கு முன்னாடியே நீங்க இடிக்கிறேன்றீங்க?"

"ரெண்டும் ஒண்ணில்லைப்பா" என்றார் ஜெகதீசன் பொறுமையாக. "கடல் இடிச்சா அது பேரிடர். நாங்க இடிச்சா திட்டம். கடல் உனக்கு நோட்டீஸ் குடுக்குமா? நாங்க குடுப்போம்."

கொடுத்தார்கள். குப்பம் காலியானது. நடைக்கு இடைஞ்சல் என்று படகுகளையும் கிளப்பினார்கள். நீலமேகம் சதுரங்கப்பட்டினத்துக் கரையில், ஊராரைக் கெஞ்சி, ஓரமாகப் படகை விட்டான். வச்சலாவுக்குச் செய்யூர் பக்கம் மூன்றாம் மாடியில் வீடு. ஜன்னலைத் திறந்தால் வேர்க்கடலைக் கொல்லை. முதல் பஸ் பிடித்து அவள் கரைக்கு வருவதற்குள் ஏலம் முடிந்து, மிஞ்சிய செதிலைக் காக்கா கொத்திக்கொண்டிருக்கும். இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் கடற்கரை அன்று சரியாக நாற்பது மீட்டர் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்த ஐப்பசியில் கடல் மறுபடியும் வந்தது. பிரிவு அசரவில்லை. பின்னால் அலையையும் காற்றையும் தடுத்துக்கொண்டிருந்த சவுக்குத் தோப்பை வெட்டி அகலத்தை மீட்டது. அதற்கும் பின்னால் ஒரு கம்பெனி அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தது. 'கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர்' என்றிருந்த போர்டை அழித்து 'எண்ணூறு மீட்டர்' என்று எழுதினார்கள். பிறகு 'அறுநூறு' என்றார்கள். கடல் கிட்டே வர வர விலை ஏறியது. ஜனங்களும் ஏறிய விலைக்கே முண்டியடித்தார்கள். இப்போது கடல் தெரியாத வீட்டில் குடியிருக்கிறேன் என்றால் பெண் கொடுக்கவே யோசிக்கிறார்களாம்.

'அகலம் குன்றாக் கடற்கரை' என்று விருது வந்தது. மணலிலேயே பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். பயனாளி ஒருவர் மேடையில் வேண்டும் என்று வச்சலாவை ஜீப்பில் அழைத்து வந்து பொன்னாடை போர்த்தினார்கள். அவள் காதோரம் ஜெகதீசன் பூரிப்போடு குனிந்தார்.

"அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறேம்மா. பி.எஃப். பணம் மொத்தத்தையும் போட்டு அந்தக் கட்டடத்துல ஒரு வீடு வாங்கிட்டேன். முதல் வரிசை!"

வச்சலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எத்தனையோ நாளாக மனசுக்குள் திட்டித் தீர்த்த மனுஷன். இப்போது பாவமாக இருந்தது.

"நானும் மொத வரிசைலதான் சார் இருந்தேன்" என்றாள்.

விழாச் செலவை ஏற்றிருந்த கம்பெனிக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "ஆகா, அதை மைக்ல சொல்லுங்கம்மா!" என்று நீட்டினார்.

வச்சலா மைக்கைப் பிடித்தாள். "நானும் மொத வரிசைலதான் இருந்தேன்."

கைத்தட்டல் பந்தலைப் பிய்த்தது. "வேணாம், சொன்னா கேளுங்க, கடலு வந்துகினே கீது" என்று அவள் அடுத்துச் சொன்னது யார் காதிலும் விழவில்லை. மறுநாள் போர்டில் கூடையோடு அவள் படம் இருந்தது. கீழே, 'தலைமுறை தலைமுறையாய் முதல் வரிசையில்!'

செங்கல்பட்டில் எங்கள் தெருவிலேயே நாலு பேர் முன்பணம் கட்டியிருக்கிறோம். எங்களுக்குக் கிடைத்தது ஐந்தாம் வரிசைதான். இப்போதைக்கு மொட்டை மாடியில் ஏறி நின்றால்தான் கடல் தெரியுமாம். கவலைப்படாதீர்கள், போகப் போகக் கூடத்தில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்று கம்பெனிக்காரர் உறுதி சொல்லியிருக்கிறார்.