சிவதாணுவின் துலாபாரம்

கரமனையில் மாமா வீட்டு வாசலில் நின்று சிவதாணு வயிற்றை எக்கிக்கொண்டான். காக்கிச் சட்டைப் பொத்தான் அப்போதும் சேரவில்லை. அதற்குள் மாமன் மகள் லீலாபாய் கதவைத் திறந்துவிட்டாள்.

"பர்மாக் காட்டுல பட்டினி, எலும்பும் தோலுமாயிட்டேன்னு எழுதியிருந்தியளே அத்தான்!"

சிவதாணுவுக்குக் காது மடல் சுட்டது. நான்கு வருட யுத்தத்தையும் அவன் பெங்களூரில், ஆபீசர்களின் சமையலறையில் நடத்தியிருந்தான். பட்டாளத்தில் பூரி பொரிக்கிறேன் என்று கட்டிக்கொள்ளப்போகிறவளுக்கு எழுதக் கை கூசியது. கடிதத்தில் ஊர்ப் பெயர் போடக் கூடாது என்ற ராணுவ உத்தரவும் வசதியாகப் போயிற்று. உண்மை தெரிந்தால் இவள் கழுத்தை நீட்டுவாளா?

"இது தடியில்ல லீலா, நீரு. பட்டினி கெடந்தா உடம்பு ஊதும்."

"அய்யோ! அப்போ உப்பு ஆகாதே!"

அன்றிலிருந்து உப்பில்லாக் கஞ்சியும் நெருஞ்சில் கஷாயமும்தான். கடைசிச் சொட்டு இறங்கும்வரை அவள் எதிரிலேயே நிற்பாள். மூன்றாம் நாள் தாங்க முடியாமல் சாலைக் கடைத்தெருவுக்கு நழுவி, ஆறு உளுந்தவடை தின்றுவிட்டு வந்தான்.

"மொகத்துல எண்ணெ மினுங்குதே அத்தான்?"

"அதும் நீருதான்."

கஷாயம் இரண்டு வேளையாயிற்று.

பத்தாம் நாள் லீலாபாய் சொன்னாள்: "நீங்க உசிரோட வந்தா எடைக்கு எடை பழம் குடுக்கேன்னு சாமிக்கு நேந்திருக்கேன். நாளைக்குத் துலாபாரம். அது முடிஞ்சாத்தான் கல்யாணம்."

கோயில் தராசின் ஒரு தட்டில் சிவதாணு உட்கார்ந்தான். மறு தட்டில் சாலைப் பழக்கடைப் பிச்சையா பாளையங்கோடன் வாழைக் குலைகளை அடுக்கினார். நாலு குலை வைத்தும் சிவதாணு தரையை விட்டு எழவில்லை. ஐந்தாவதும் ஏறியது. ஆறாவதும் ஏறியது. கும்பிட வந்தவர்கள் கும்பிடுவதை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"பட்டாளத்துல நல்ல சாப்பாடு, அல்லே?" என்றார் ஒருவர்.

லீலாபாய் முந்தானையால் வாயைப் பொத்திக் குனிந்திருந்தாள். தோள் குலுங்கியது. தன்னால் அவள் நாலு பேர் முன்னால் அழுகிறாளே என்று சிவதாணு வெட்கத்தில் செத்துப்போனான்.

"லீலா, நான் பர்மாவக் கண்ணாலயே பாத்ததில்ல. பெங்களூருல சமையக்காரன். எழுதினதெல்லாம் பொய். என்னைய வேண்டாம்னா இப்பமே எறங்கிப் போயிருதேன்."

"ஆடாதேயும் தம்பி," என்றார் பிச்சையா, ஏழாவது குலையைத் தூக்கிக்கொண்டே. "எட்டுக் குலை வேணும்னு லீலா போன மாசமே சொல்லியாச்சு. 'கடுதாசி பூரா பூரி எண்ணெக் கறை. வாறது பட்டாளத்துச் சமையக்காரரு, நாலஞ்சு குலை காணாது அண்ணாச்சி'ன்னு."